வைரஸ் காய்ச்சலில் படுத்தவரின் கண்கள்: செட்டிநாட்டுக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்ததும் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பள்ளத்தூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி வார்டுகளில் காய்ச்சல்காரர்கள் கூடிவிடுகிறார்கள். பிளேட்லெட் எவ்வளவு, காய்ச்சல் எத்தனை டிகிரி, கஞ்சி இறங்குகிறதா என்றெல்லாம் உடனிருப்பவர்கள் விசாரிக்கிறார்கள். பார்வை எப்படி இருக்கிறது என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. மருத்துவமனையில் சேர்ந்த வைரஸ் நோயாளிகளின் கண்களைப் பற்றிக் கடந்த சில பத்தாண்டுகளில் நடந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன, அவற்றைக் கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்யலாம், அத்தகைய ஆய்வு ஒன்றில் சேரும்படி கேட்டால் எப்படி முடிவெடுப்பது என்பனவற்றைக் கேள்வி பதிலாக இங்கே எழுதியிருக்கிறேன். இது மருத்துவரின் பரிசோதனைக்கு மாற்றாகாது. மருத்துவரிடம் எதைக் கேட்பது, எப்போது கேட்பது என்று தெரிந்துகொள்ள உதவினால் போதும்.

காய்ச்சல் உடம்பில்தானே வருகிறது, அது கண்ணை ஏன் பாதிக்க வேண்டும்?

வழிகள் பல. சில வைரஸ்கள் கண்ணின் மேற்பரப்பிலேயே தொற்றுகின்றன. மெட்ராஸ் ஐ அப்படி வருவதுதான். சில, நரம்புக்குள் ஆண்டுக்கணக்கில் ஒடுங்கிக் கிடந்துவிட்டுப் பின்னர் கண்ணுக்கு இறங்குகின்றன; அக்கி அந்த வகை. டெங்கு, சிக்குன்குனியா போன்றவற்றில் வைரஸ் நேரடியாகச் செய்யும் சேதத்தோடு, அதை எதிர்க்க உடம்பு கிளப்பும் அழற்சியும் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பாதிக்கிறது. இவை தவிர, சிகிச்சையின் விளைவாக வரும் பாதிப்பும் உண்டு: ஸ்டீராய்டு மருந்து, வென்டிலேட்டர், பல நாள் மயக்கம் ஆகியவை கண்ணில் தடம் பதிப்பவை. ஆகவே காய்ச்சல் விட்டுவிட்டது என்பதனால் கண்ணும் தப்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

டெங்குவில் கண் பாதிக்கப்படுவது உண்மைதானா? எத்தனை பேருக்கு வருகிறது?

உண்மைதான். விழித்திரையின் நடுப்பகுதிக்கு மாக்குலா என்று பெயர். படிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும் இந்தச் சிறிய இடத்தின் வேலை. டெங்கு நோயாளிகள் சிலருக்கு இந்த இடத்தில் வீக்கமோ, இரத்தக் கசிவோ, இரத்த ஓட்டக் குறைவோ ஏற்படுகிறது. இது பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கி ஒரு வாரம் ஆகும் தறுவாயில், பிளேட்லெட் மிகவும் இறங்கியிருக்கும் நேரத்திலோ அது ஏறத் தொடங்கும் நேரத்திலோ தெரியவருகிறது. ‘கண் முன்னால் ஒரு கறுப்புப் புள்ளி நிற்கிறது’, ‘எழுத்தின் நடுப்பகுதி அழிந்தாற்போலத் தெரிகிறது’ என்று நோயாளிகள் சொல்வார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லும் நாளும் ஏறத்தாழ இதே நாள்தான் என்பதால், பலருக்கு இது வீடு திரும்பிய பிறகே கவனத்துக்கு வருகிறது.

எத்தனை பேருக்கு என்ற கேள்விக்குத் தெளிவான விடை தேடிய ஆய்வுகள் சிங்கப்பூரில் நடந்தன. நம் பக்கத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வரும் ஊர் அது. அங்கே பரவும் டெங்கு நமக்கு அந்நியமான நோயன்று. 2005ஆம் ஆண்டுப் பரவலின்போது மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டிருந்த டெங்கு நோயாளிகளைக் கண் மருத்துவர்கள் பரிசோதித்ததில், ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு மாக்குலா பாதிப்பு இருந்தது. அதே ஊரில் 2007 பரவலின்போது அதேபோலப் பரிசோதித்தபோது ஒருவருக்குக்கூட அது காணப்படவில்லை. இடையில் மாறியிருந்தது வைரஸின் வகை: டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு; முதல் பரவலில் முதல் வகையும், பின்னதில் இரண்டாம் வகையும் மேலோங்கி இருந்தன. வகைதான் காரணம் என்று இதிலிருந்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால், ‘டெங்கு வந்தால் பத்தில் ஒருவருக்குக் கண் போகும்’ என்று ஒரே ஓர் ஆண்டின் எண்ணைக் கொண்டு பயமுறுத்துவது எவ்வளவு தவறு என்பதை இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்.

பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பார்வை தேறிவிடுகிறது. சிலருக்கு அந்தப் புள்ளி நிலைத்தும் விடுகிறது. கடுமையான பாதிப்புக்கு ஸ்டீராய்டு கொடுக்கும் மருத்துவர்கள் உண்டு. ஆனால் அதனால் பலன் கூடுகிறது என்பது, ஒரு குழுவுக்கு மருந்து கொடுத்து இன்னொரு குழுவோடு ஒப்பிடும் முறையான ஆய்வினால் நிறுவப்படவில்லை. எனவே இது மருத்துவர் ஆளைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு.

பார்வையில் மாற்றம் இருக்கிறதா என்பதை நாங்களே எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொரு கண்ணாகச் சோதிக்க வேண்டும். இதை நான் மிகவும் வலியுறுத்துவேன். இரண்டு கண்ணையும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும், நோயாளிக்கே தெரியாது. கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியோடுதான் சோதிக்க வேண்டும். காய்ச்சலில் வந்த அவசரத்தில் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருபவர்கள் அதிகம். அதை முதலில் கொண்டுவரச் செய்யுங்கள்.

பிறகு கட்டிலுக்கு எதிரே சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைக் காட்டி, ‘ஆச்சி, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, இன்றைக்கு என்ன தேதி என்று வாசியுங்கள்’ என்று கேட்கலாம். பெரிய எண் தெரிந்தால் அதற்குக் கீழே உள்ள கிழமை, அதற்கும் கீழே உள்ள நல்ல நேரம் என்று இறங்கிக்கொண்டே வர வேண்டும். பின்னர் கையை மாற்றி அடுத்த கண். விரலால் பொத்தினால் இடுக்கு வழியாகப் பார்த்துவிடுவார்கள் என்பதால் உள்ளங்கைதான் சரி. விழியை அழுத்தக் கூடாது. எழுத்து வாசிக்கத் தெரியாதவரிடம் எத்தனை விரல் காட்டுகிறோம் என்று கேட்டும், எதிரே நிற்பவரின் முகத்தில் மூக்கும் வாயும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று கேட்டும் பார்க்கலாம்.

வீடு திரும்பியவர்களுக்கு நம் ஊரில் இன்னொரு வசதி உண்டு. மாக்குலா வீங்கினால் நேர்க்கோடுகள் வளைந்தோ நெளிந்தோ தெரியும். இதற்காகவே கண் மருத்துவர்கள் கட்டம் போட்ட அட்டை ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை உள்ள வீட்டில், நல்ல வெளிச்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, எதிரேயுள்ள ஒரு கல்லின் நடுப் பூவைப் பார்த்தபடி, சுற்றிலும் உள்ள கல் இணைப்புக் கோடுகள் நேராக இருக்கின்றனவா, ஏதேனும் ஓர் இடம் அழிந்தாற்போல இருக்கிறதா என்று கவனிக்கலாம். கோடு நெளிந்தால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நேராகத் தெரிந்தது என்பதற்காக, மங்கல் இருந்தும் போகாமல் இருந்துவிடக் கூடாது.

சிக்குன்குனியாவிலும் இப்படித்தானா?

கொஞ்சம் வேறு. 2006 வாக்கில் சிக்குன்குனியா இந்தியாவில் பெரிய அளவில் திரும்பி வந்தபோது, மூட்டு வலியைத்தான் எல்லோரும் பேசினார்கள். அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள், தங்களிடம் வந்த நோயாளிகளின் கண் பாதிப்புகளைத் தொகுத்து 2007இல் வெளியிட்டார்கள்: கண்ணின் உள்ளே அழற்சி, விழித்திரை அழற்சி, பார்வை நரம்பு அழற்சி எனப் பலவும் அதில் இருந்தன. இவை காய்ச்சலோடு சேர்ந்தும் வரலாம், காய்ச்சல் விட்டுப் பல வாரங்கள் கழித்தும் வரலாம். வெளிச்சம் பார்க்கக் கூசுவது, கண் வலியோடு சிவப்பது, திடீரென மங்குவது ஆகிய மூன்றில் எது இருந்தாலும் ‘சிக்குன்குனியா வலியோடு இதுவும் ஒன்று’ என்று பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

டெங்குவும் சிக்குன்குனியாவும் பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவினால் பரவுபவை. அது முட்டையிடுவது தேங்கிய நல்ல தண்ணீரில். செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் முற்றங்களிலும், பின்கட்டில் மழைக்கு மல்லாந்து கிடக்கும் அண்டாக்களிலும், அடைத்துக்கொண்ட மழைநீர்த் தாரைகளிலும் அதற்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன. சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உடைமையாளர்கள், வாரம் ஒரு முறை தண்ணீரைக் கவிழ்த்துவிடும்படி வீட்டுக் காவலரிடம் சொல்வது, பக்கத்து வீட்டுக் குழந்தையின் கண்ணுக்குச் செய்யும் உதவியும்தான்.

கோவிட் காலத்தில் கண்ணைப் பற்றி என்ன தெரியவந்தது?

உலகத்துக்கு முதலில் எச்சரிக்கை சொன்ன மருத்துவர்களுள் ஒருவரான வூஹானின் லீ வென்லியாங் ஒரு கண் மருத்துவர். 2020 பிப்ரவரியில் அவர் அதே நோயால் இறந்தார். அதன்பின் சீனாவின் ஹூபே மாகாணத்தில் மருத்துவமனையில் இருந்த 38 நோயாளிகளை ஆராய்ந்தபோது, 12 பேருக்குக் கண் சிவத்தல், நீர் வடிதல் போன்ற அறிகுறிகள் இருந்தன. ஆனால் கண்ணிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸ் தென்பட்டது 2 பேருக்கு மட்டுமே. நோய் கடுமையாக இருந்தவர்களிடமே கண் அறிகுறிகளும் மிகுதியாகக் காணப்பட்டன.

நம் நாட்டுக்கு வந்த பெரிய துயரம் வைரஸால் நேரடியாக வந்ததன்று. 2021 இரண்டாம் அலையில் கறுப்புப் பூஞ்சை என்று நாம் கேள்விப்பட்ட மியூகோர்மைகோசிஸ், மூக்கு வழியாகக் கண்குழிக்கும் மூளைக்கும் பரவியது. இந்தியா முழுவதிலுமிருந்து 2,826 நோயாளிகளின் விவரங்களைக் கண் மருத்துவர்கள் ஒன்றுசேர்ந்து தொகுத்தார்கள். அவர்களில் 78 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. 87 சதவீதத்தினர் ஸ்டீராய்டு எடுத்திருந்தார்கள். கடும் கோவிட் நோயாளிகளின் உயிரைக் காத்த மருந்தும் ஸ்டீராய்டுதான் என்பதால், இந்த எண்களை வைத்து அந்த மருந்தையே குற்றம் சொல்வது சரியாகாது. தேவையில்லாதவருக்குக் கொடுத்ததும், அளவும் நாளும் மீறியதும், சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டதும் சேர்ந்துதான் கேடு செய்தன. காய்ச்சலுக்குப் பிறகு முகத்தில் ஒரு பக்கம் வலி அல்லது மரமரப்பு, மூக்கிலிருந்து கறுத்த கழிவு, இமை தொங்குதல், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிதல் ஆகியவை சர்க்கரை நோயாளிக்கு ஏற்பட்டால், அது மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய அவசரம்.

ஐசியூவில் மயக்கத்தில் இருப்பவரின் கண்ணுக்கு என்ன செய்ய வேண்டும்?

இமை முழுவதும் மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மயக்க மருந்தில் வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இமை கொட்டுவது நின்றுவிடுகிறது. இமைகளுக்கு நடுவே ஒரு நூலளவு இடைவெளி இருந்தாலும் கருவிழி காய்ந்து, புண்ணாகி, அந்தப் புண்ணில் கிருமி சேரும். உயிர் பிழைத்து எழுந்தவருக்குக் கருவிழியில் தழும்பு தங்கி, பார்வை குறைந்து போவது தடுக்கக்கூடிய இழப்பு என்பதால்தான் அது அதிகம் வருத்துகிறது. தடுப்பு முறையோ எளியது: குறித்த இடைவெளியில் கண்ணைத் துடைத்து ஈரப்பசைக் களிம்பு இடுவதும், மெல்லிய பாலித்தீன் தாளால் கண்குழியை மூடி ஈரம் காப்பதும். இவ்விரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பாலித்தீன் மூடி களிம்புக்குக் குறைந்ததாக இல்லை. பலவற்றில் மேலாகவே இருந்திருக்கிறது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துச் சிகிச்சை தரும்போது விழியின் மேல் அழுத்தம் விழாமல் முகத்தைத் திருப்பி வைப்பதும் முக்கியம். பார்வையாளர் நேரத்தில் உள்ளே போகும் உறவினர், ‘சிஸ்டர், கண் இமை மூடியிருக்கிறதா பார்த்தீர்களா?’ என்று பணிவாகக் கேட்பதில் தவறேதும் இல்லை.

அக்கிக்கு எழுதினால் போதாதா?

முகத்தில் வந்த அக்கிக்குப் போதாது. அக்கி என்பது சின்னம்மை வைரஸ் பல ஆண்டுகள் நரம்பில் உறங்கியிருந்துவிட்டு, வயதானாலோ எதிர்ப்புச் சக்தி குறைந்தாலோ திரும்பக் கிளம்புவது. மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் போய்க் காவி குழைத்து எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறது. எழுதிக்கொள்பவரின் நம்பிக்கையை நான் குறை சொல்ல வரவில்லை. எழுதிக்கொண்டு மூன்று நாள் காத்திருப்பதுதான் ஆபத்து. வைரஸை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும். அசைக்ளோவிர் என்றால் 800 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு 5 வேளை, 7 முதல் 10 நாள் வரை கொடுப்பது வழக்கம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவு குறையும் என்பதால் மருத்துவர் எழுதித்தான் சாப்பிட வேண்டும்.

அக்கி வருபவர்களில் 10 முதல் 20 சதவீதத்தினருக்கு நெற்றி, இமைப் பகுதியின் நரம்பில் வருகிறது. மாத்திரை எடுக்காவிட்டால் அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கண்ணும் பாதிக்கப்படலாம். நடு நெற்றியிலிருந்து கோடு போட்டாற்போல ஒரு பக்கத்தோடு நிற்கும் கொப்புளங்களைப் பார்த்தால், உடனே மூக்கு நுனியைப் பாருங்கள். அங்கேயும் ஒரு கொப்புளம் இருந்தால், மூக்கு நுனிக்கும் விழிக்கும் ஒரே நரம்புக் கிளை போவதால், கண்ணுக்குள் இறங்கும் வாய்ப்பு மிக அதிகம். காவியைக் கண் இமையின் மேல் பூசுவது மருத்துவர் பார்க்க வேண்டிய இடத்தையே மறைத்துவிடும். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அக்கியைத் தடுக்கும் ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, விலை அதிகம்.

அக்கியின் உறவினமான ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸும் கருவிழியில் புண்ணை உண்டாக்கித் திரும்பத் திரும்ப வரும். அமெரிக்காவில் 703 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முழுவதும் அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் நாளுக்கு இரு வேளை எடுத்தவர்களில் 19 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 32 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. உங்கள் வீட்டுப் பெரியவருக்குக் கண் மருத்துவர் மாதக்கணக்கில் இந்த மாத்திரையை எழுதித் தந்திருந்தால், அதன் பின்னால் இருக்கும் ஆதாரம் இதுதான்.

மெட்ராஸ் ஐ பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது. கையால்தான் பரவுகிறது: துண்டு, தலையணை உறை, கதவுக் கைப்பிடி, மருத்துவமனையிலேயே கண் அழுத்தம் பார்க்கும் கருவி. இதற்குப் பெரும்பாலும் காரணமான அடினோவைரஸ் உலர்ந்த பரப்பில் வாரக்கணக்கில் பிழைத்திருக்கக் கூடியது. கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைக் குறைக்கும், தொற்றைத் தடுக்காது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், அது மெட்ராஸ் ஐ அல்லாமல் ஹெர்பெஸ் புண்ணாக இருக்கும் பட்சத்தில், புண் மளமளவென்று பரவும். இந்த ஒரு காரணத்துக்காகவே சீட்டு இல்லாமல் கண் சொட்டு வாங்காதீர்கள்.

குழந்தைக்கு அம்மை போட்டிருக்கும்போது வைட்டமின் ஏ எதற்குக் கொடுக்கிறார்கள்?

தட்டம்மை உடம்பிலுள்ள வைட்டமின் ஏ சத்தை வேகமாகத் தின்றுவிடுகிறது. முன்பே சத்துக் குறைவான குழந்தை என்றால் கருவிழி உலர்ந்து, உருகிப் பார்வை போகும். நுரையீரல் தொற்றும் வயிற்றுப்போக்கும் கடுமையாகி உயிரும் போகும். மருத்துவமனை நோயாளிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று உலகம் முழுவதும் சிகிச்சையை மாற்றிய கதை இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், கடுமையான தட்டம்மையோடு மருத்துவமனையில் சேர்ந்த 189 குழந்தைகளை மருத்துவர்கள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வைட்டமின் ஏ, மற்றவர்களுக்கு அதைப் போலவே தோன்றும் வெற்று மருந்து. எது யாருக்கு என்பது பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கே தெரியாது. மற்ற சிகிச்சையெல்லாம் இருவருக்கும் ஒன்றே. இறந்த 12 குழந்தைகளில் 10 பேர் வெற்று மருந்துக் குழுவைச் சேர்ந்தவர்கள். அந்த ஊரில் வைட்டமின் குறைபாடு கண்ணுக்குத் தெரியும்படி இருப்பது அரிது என்பதுதான் இதில் பெரிய செய்தி: வெளியே அடையாளம் இல்லாத குழந்தைகளுக்கும் மருந்து தேவைப்பட்டிருக்கிறது. இது வெளியானது 1990இல். அதே ஆண்டு, அதே மருத்துவ இதழில், நமக்குப் பக்கத்திலுள்ள திருச்சிப் பகுதியில் 15,419 சிறு குழந்தைகளிடம் அரவிந்த் மருத்துவமனையின் டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் நடத்திய ஆய்வும் வெளியானது. வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. கண்ணுக்கான சத்து என்று நினைத்தது உயிருக்கான சத்து என்று உலகம் அறிந்ததில் நம் மண்ணின் தாய்மார்களுக்கும் பங்கு உண்டு.

இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது: ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு 2 லட்சம் யூனிட், 6 முதல் 11 மாதம் வரை 1 லட்சம், அதற்கும் குறைந்த வயதில் 50 ஆயிரம், அடுத்தடுத்த இரண்டு நாள்களில் இரண்டு வேளை. கண்ணில் குறைபாட்டின் அறிகுறி இருந்தால் சில வாரங்கள் கழித்து மூன்றாவது. இதை வீட்டில் கணக்குப் போட்டுக் கொடுக்கக் கூடாது, மிகுந்தால் தீங்கு. அம்மனுக்கு வேண்டிக்கொண்டு வேப்பிலை கட்டுவதும் மருத்துவமனைக்குப் போவதும் ஒன்றுக்கொன்று தடையன்று. ஆனால் தாய்ப்பாலோ, வேப்பிலைச் சாறோ, மஞ்சள் நீரோ குழந்தையின் கண்ணில் விடுவதை மட்டும் அப்பத்தாவும் ஆயாவும் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கர்ப்பிணிக்கு வரும் அம்மையால் குழந்தையின் கண் பாதிக்கப்படுமா?

ருபெல்லா என்னும் லேசான அம்மை கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் வந்தால் குழந்தை கண்புரையோடும் இதயக் கோளாறோடும் செவிட்டுத்தன்மையோடும் பிறக்கலாம். இதை 1941இல் முதலில் கண்டறிந்தவர் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக். பிறவிக் கண்புரையோடு குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக வருவதைக் கவனித்த அவர், தாய்மார்களிடம் கர்ப்ப காலத்தில் என்ன நோய் வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். தட்டம்மை, ருபெல்லா இரண்டுக்குமான தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தொடங்கியபோது, முதல் கட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

வார்டில் இருக்கும்போது ஆய்வில் சேரச் சொல்லிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். சேரலாமா?

கேட்ட பிறகு முடிவு செய்யலாம். சேர மறுத்தால் சிகிச்சை குறையாது. சேர்ந்த பிறகு எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம். இவை மருத்துவரின் தயவினால் வருவன அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2017 நெறிமுறைகளும், மருந்துச் சோதனை என்றால் 2019ஆம் ஆண்டின் விதிகளும் உறுதி செய்பவை. ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். அதன் ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். படிக்கத் தெரியாதவர் கைரேகை வைக்கும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருந்து, முழுவதும் வாசித்துச் சொல்லப்பட்டது என்று கையொப்பமிட வேண்டும். மயக்கத்தில் உள்ளவருக்காகச் சட்டப்படி உரிய உறவினர் முடிவெடுக்கலாம். குழந்தைக்குப் பெற்றோர் ஒப்புதல் தரும்போதும், 7 வயதைத் தாண்டிய குழந்தையிடம் அதன் சம்மதத்தையும் கேட்க வேண்டும்.

நம் வீடுகளில் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கும் மகனிடம் போனில் கேட்டு, அவர் ‘சரி’ என்றால் கையெழுத்துப் போடும் பழக்கம் உண்டு. கலந்து பேசுவது நல்லதுதான். ஆனால் அப்பச்சி தெளிவோடு இருக்கும்போது, ஒப்புதல் தர வேண்டியவர் அப்பச்சியே. அவரது கண்ணில்தான் சொட்டு விடப் போகிறார்கள்.

நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இது எனக்கு வழக்கமாகச் செய்யும் பரிசோதனையா, ஆய்வுக்காக மட்டும் செய்வதா? செலவு யாருடையது? தீங்கு நேர்ந்தால் சிகிச்சை யார் தருவார்கள்? நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் எது? அந்தக் குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். மருத்துவர் அல்லாத பொதுமக்களில் ஒருவரும் அதில் இருப்பார். மருந்துச் சோதனைகள் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும் என்பது 2009 ஜூன் முதல் கட்டாயம். பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

கண்ணில் சொட்டு விட்ட பிறகு பார்வை மங்குகிறதே?

விழித்திரையைப் பார்க்க, கண்ணின் நடுவில் உள்ள கருமணியை (பாப்பாவை) விரியச் செய்யும் சொட்டு அது. நான்கு முதல் ஆறு மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். பிறகு தானாகச் சரியாகும். அன்றைக்கு இருசக்கர வண்டி ஓட்டக் கூடாது. கண்ணழுத்த நோய் இருந்தாலோ, வீட்டில் யாருக்கேனும் இருந்தாலோ, சொட்டு விடுமுன் சொல்லிவிட வேண்டும்.

மருத்துவமனையில் எடுத்த கணக்கு ஊரில் உள்ளவர்களுக்குப் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. மருத்துவமனையில் சேர்பவர்கள் நோய் முற்றியவர்கள்; வீட்டிலேயே கஷாயம் குடித்துத் தேறியவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. எனவே வார்டில் கிடைக்கும் சதவீதம் ஊரில் உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றும். எதிர்ப்பக்கமும் உண்டு: மிகவும் முடியாதவர்களை உட்காரவைத்து விழித்திரைப் படம் எடுக்க முடியாததால், அவர்களுடைய பாதிப்பு விட்டுப்போகிறது. கண் மருத்துவமனைக்குத் தாமாக வந்தவர்களை மட்டும் எண்ணினால், எல்லோருக்குமே கண் கெட்டிருக்கும். ஆகவே ஓர் எண்ணைச் செய்தித்தாளில் படிக்கும்போது, யாரை எண்ணினார்கள், வந்தவர்களையா, சேர்ந்தவர்கள் அனைவரையுமா என்று பார்க்க வேண்டும். சிங்கப்பூர் ஆய்வை நான் மதிப்பதற்குக் காரணம், கண்ணில் குறை சொன்னவர்களை மட்டும் தேடிப் போகாமல், வார்டில் இருந்த டெங்கு நோயாளிகளிடமே போய்ப் பார்த்தார்கள் என்பதுதான்.

இரத்தத்தில் வைரஸ் போன பிறகும் கண்ணில் இருக்குமா?

சில வைரஸ்கள் இருக்கும். ஈபோலாவில் பிழைத்த அமெரிக்க மருத்துவர் இயன் குரோசியரின் இரத்தத்தில் வைரஸ் இல்லாமல் போய் 9 வாரங்கள் கழித்து, அவரது கண்ணின் உள்நீரில் உயிருள்ள வைரஸ் இருந்தது. இது 2015இல் வெளியானது. எதிர்ப்புச் சக்தியின் செல்கள் கண்ணுக்குள் தாராளமாகப் புகாதபடி இயற்கை வைத்திருக்கும் காப்பே, வைரஸுக்கு மறைவிடமாகிவிடுகிறது. கண்ணீரினாலோ சாதாரணத் தொடுதலினாலோ பரவுகிறது என்று இதற்குப் பொருளில்லை.

வைரஸ் நோயில் இறந்தவரின் கண்களைத் தானம் செய்யலாமா?

நோயைப் பொறுத்தது. வெறிநாய்க்கடி நோய், எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றில் கண்கள் ஏற்கப்படுவதில்லை. கருவிழி மாற்று வழியாக வெறிநாய்க்கடி வைரஸ் பரவியது 1979இல் பதிவாகியிருக்கிறது. மற்ற காய்ச்சல்களில் முடிவு கண் வங்கியுடையது. ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால், தகுதி உண்டா இல்லையா என்று வீட்டில் விவாதிக்காமல் வங்கிக்குத் தெரிவித்துவிடுங்கள். இறப்புக்கான காரணத்தை மட்டும் மறைக்காதீர்கள்.

எங்கே போவது, எதை எடுத்துக்கொண்டு போவது?

காரைக்குடி அரசு மருத்துவமனையிலும், சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கண் பிரிவு உண்டு. விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி பரிசோதனையோ விழித்திரை நிபுணரோ தேவைப்பட்டால், காரைக்குடியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் உள்ள மதுரைக்கு எழுதித் தருவார்கள். பிளேட்லெட் இறங்கியிருப்பவரைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு தாமாகப் புறப்படக் கூடாது. காய்ச்சலுக்குச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லி, கண் மருத்துவரைக் கட்டிலருகே வரவழைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். வீடு திரும்பியவர் என்றால் டிஸ்சார்ஜ் சீட்டு, பிளேட்லெட் எண் நாள்வாரியாக உள்ள இரத்தப் பரிசோதனைத் தாள்கள், சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகள், பழைய கண்ணாடி, எந்தத் தேதியில் காய்ச்சல் தொடங்கி எந்தத் தேதியில் எந்தக் கண் மங்கியது என்று எழுதிய சிறு குறிப்பு ஆகியவற்றை ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள். சந்தேகத்துக்கு 104, அவசரத்துக்கு 108.